மேற்கே சுத்தம்

மழையை அறிவிக்கிற வேலையில் நன்றிக்கு இடமே கிடையாது. சொன்னபடி பெய்தால் அது வானத்தின் பெருமை. பெய்யாவிட்டால் சிம்மக்கல்லில் தக்காளி விற்கிற அம்மாள் வரைக்கும் ரோட்டைத் தாண்டி வந்து நியாயம் கேட்பாள். தாமரைச்செல்வி பல வருடமாக இந்த நியாயங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளூர் கேபிள் டிவி ஒன்றில் மதியம் ஒரு தடவை, ராத்திரி ஏழு மணிச் செய்தியில் ஒரு தடவை, பச்சைத் துணிக்கு முன்னால் நின்று வானிலை சொல்வதுதான் அவள் பிழைப்பு. திருமங்கலம் எங்கே, மேலூர் எங்கே என்று அந்த வெறும் துணியில் குத்துமதிப்பாகக் கையை நீட்டிக் காட்டுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் அங்கே படம் தெரியும். அவளுக்குத் துணி மட்டும்தான்.

அன்று காலையில் கோச்சடை வீட்டில் அவள் பல்கூட விளக்கவில்லை, தம்பி சிவபாண்டியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, போச்சுக்கா."

"என்னடா போச்சு?"

"பச்சக்கல்லு. காயப் போட்டிருந்தது அம்புட்டும் கரைஞ்சு சேறாக் கெடக்கு. நேத்து ஏழு மணிக்கு மழையே இல்லன்னு சொன்னீல்ல? அத நம்பி தார்ப்பாய விரிக்கலக்கா."

சிவபாண்டி நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி, குத்தகை நிலத்தில் செங்கல் காளவாசல் வைத்திருந்தான். கண்மாய் மண்ணைக் குழைத்து, அச்சில் அறுத்து, வெயிலில் வரிசையாகப் பரப்பியிருக்கிற பச்சைக்கல்லுக்குச் சித்திரை மாதத்துக் கோடைமழைதான் எமன். அரைமணி நேரம் கொட்டினால் போதும், கல்லாக வேண்டியது திரும்பவும் மண்ணாகிவிடும். முந்தைய நாள் ராத்திரி அதுதான் நடந்தது. தாமரைச்செல்வி பவுடரைத் துடைத்துவிட்டு வண்டியை எடுக்கும்போதே மேற்கே மின்ன ஆரம்பித்திருந்தது.

"எல்லாமே போயிருச்சா?"

"பாதி போச்சு. முந்தியே காஞ்சு கொட்டகைக்குள்ள இருந்தது தப்பிச்சது. அத இன்னைக்கு அடுக்கிக்கிட்டு இருக்கோம். சாயங்காலம் தீய வைக்கலாம்னு தீ மூட்டுற பேச்சிமுத்து அண்ணன் வந்து நிக்காரு. அவரும் நாளைக்கு மேலூர்ப் பக்கம் போயிருவாரு. அவர விட்டா அடுத்த வாரம்தான்." கொஞ்சம் நிறுத்தினான். "பத்த வச்ச மொத ராத்திரி மழ விழுந்துச்சுன்னா உள்ள தீ செத்துரும்க்கா. அரவேக்காடாப் போயி கல்லு அம்புட்டும் வெடிச்சிரும். ரெண்டு நாளு தாக்குப் பிடிச்சிட்டா அப்புறம் என்ன பேஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. இதுவும் போச்சுன்னா திருப்பூருக்குத்தான். ராமக்காவோட சித்தி மகன் பனியன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

"சரிடா, இரு."

"பத்த வைக்கலாமா வேணாமா? அத மட்டும் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருக்கா."

நேற்றுப் பாதியைக் கரைத்தவளிடமே இன்றைக்கும் கேட்கிறான். திட்டியிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கோடைமழையின் குணம் மதுரைக்காரர்களுக்குத் தெரியும். கோச்சடையில் ஊற்றும், ஆற்றைத் தாண்டினால் புழுதி பறக்கும். செல்போனில் பார்த்தால் மாவட்டம் முழுக்க ஒரே மேகம், ஒரே மின்னல் படம். அரசாங்க அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்றிருக்கும். அந்த ஓரிரு இடம் எது என்று கண்டுபிடிக்கத்தான் தாமரைச்செல்விக்கு ஹாம் ரேடியோக்காரர்கள் தேவைப்பட்டார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் ஏரியலைக் கட்டி, வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்கிறவர்கள் அவர்கள். காசு பணம் கிடையாது. அது ஒரு பைத்தியம், அவ்வளவுதான். மதுரையைச் சுற்றி ஐந்தாறு பேர் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே அலைவரிசையில் கூடி, அவரவர் ஊர் வானத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

கூட்டி நடத்துகிறவன் சிராஜ். தாமரைச்செல்வியின் ஸ்டூடியோவுக்குக் கீழ்த்தளத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருந்தான். அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். யார் பேசினாலும் முதல் வார்த்தை "கண்" அல்லது "காது" என்று இருக்க வேண்டும். சொந்தக் கண்ணால் பார்த்தது என்றால் கண். யாரோ சொன்னது, போனில் வந்தது, டிவியில் கேட்டது எல்லாம் காது. காதுச் சேதியை டிவிக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் அவன் கறாராக இருந்தான். தாமரைச்செல்வி தினமும் அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டு மாடி ஏறுவாள்.

மேற்குப் பக்கத்துக்குக் கண், செக்கானூரணி காசிமாயன். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் உசிலம்பட்டிப் பக்கத்து மலை வரைக்கும் மறைப்பே கிடையாது என்று சிராஜ் சொல்லியிருந்தான். கோடையில் மதுரைக்கு வருகிற மழை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும். நேற்றும் காசிமாயன் தெளிவாகத்தான் சொன்னார். "கண். மேற்கே சுத்தம்." அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள், மதியம் "வாய்ப்புக் குறைவு" என்று சொன்னதை ராத்திரி "வாய்ப்பே இல்லை" என்று அழுத்திச் சொன்னாள்.

காசிமாயன் சொல்வது எப்போதும் அவள் மதியம் சொன்னதோடு பொருந்திப்போகும். நமக்கு ஒத்துப்போகிற ஆளை யார் சந்தேகப்படுகிறார்கள்? ரொம்பக் கெட்டிக்கார மனுஷன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மதியச் செய்தியை முடித்துவிட்டு நாலு மணி வாக்கில் வண்டியை எடுத்தாள். நேற்று எப்படித் தவறவிட்டீர்கள் என்று நேரிலேயே கேட்பது, இன்றைக்கு அவர் மாடியில் அவரோடு நின்று கண்ணால் பார்த்துவிடுவது. அதுதான் திட்டம். வழியில் தம்பியின் காளவாசலுக்குள் வண்டியைத் திருப்ப அவளுக்குத் துணிச்சல் இல்லை. ரோட்டிலிருந்தே பார்த்தாள். ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கியாகிவிட்டது. தம்பி பெண்டாட்டி ராமக்காள் தலையில் கல்லோடு போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் வரிசை வரிசையாக இருந்த கல்லெல்லாம் கரைந்து, வெயிலில் ஏடு கட்டிக் கிடந்தது. தாமரைச்செல்வி தலைக்கவசத்தைக் கழற்றாமலே தாண்டிப் போய்விட்டாள்.

செக்கானூரணியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஏரியல் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. டிவி அலறிக்கொண்டிருந்தது, அவளுடைய சேனல்தான். அதற்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் வாசலில் நின்றதும் திரும்பி அவளைப் பார்த்தார்.

"சிலிண்டரா? அங்கனயே வச்சிட்டுப் போப்பா."

தாமரைச்செல்வி சேலை கட்டியிருந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை.

"சிலிண்டர் இல்லண்ணே. நான் தாமரைச்செல்வி."

அவர் டிவியைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். சத்தம் வருகிற திசைதான் அவருக்குக் குழப்பம். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவசரமாக எழுந்தார்.

"வாங்க தாயி, வாங்க. நீங்களா? கொரலக் கேட்டதும் டிவின்னுல்ல நெனச்சேன்."

அவர் சுவரைத் தடவி டிவியை நிறுத்தியதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

அவர் உட்கார்ந்தார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. அந்த யோசனையிலேயே அவருக்கு அலுத்துவிட்டது போல.

"பொங்கல்ல இருந்து இல்ல தாயி. கண்ணுல பிரஷராம். வெளிச்சம் தெரியும், நெழல் தெரியும். பெரியாஸ்பத்திரியில போனது போனதுதான்னுட்டாங்க."

"அப்ப தெனமும் மேற்கே சுத்தம், மேற்கே கருக்கல்னு சொன்னதெல்லாம்?"

"நீங்க மதியானம் சொல்றதத்தான் சொன்னேன்." ரொம்ப மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு மெட்ராசுல இருந்து, டெல்லியில இருந்தெல்லாம் சேதி வரும்னு நெனச்சேன். டிவியில சொல்றது தப்பாவா இருக்கும்?"

"நான் உங்கள நம்பித்தானண்ணே ராத்திரி சொன்னேன்!"

பொங்கலிலிருந்து அவள் சொன்னதை அவர் சொல்லி, அவர் சொன்னதை அவள் சொல்லி, நடுவில் வானம் என்று ஒன்று இருந்ததையே இரண்டு பேரும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இந்த வருடம் வானிலைச் செய்தி அருமை என்று நாலு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். மழையில்லாத மாதங்களில் மழையில்லை என்று சொல்லிப் பேர் வாங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா.

"சொல்லியிருக்கலாம்லண்ணே."

"அஞ்சரைக்கு சிராஜ் தம்பி 'செக்கானூரணி'ன்னு கூப்பிடும். நாளு முச்சூடும் அந்த ஒரு சத்தத்துக்குத்தான் உக்காந்திருக்கேன். மக வேலைக்குப் போயிட்டு வந்து சோத்தப் போட்டுட்டுப் படுத்துரும். கண்ணு தெரியாதவன்னு சொன்னா அந்தத் தம்பி கூப்பிடுமா?"

நேற்று என்ன ஆயிற்று என்று அவள் சொன்னாள். தம்பியையும், கரைந்த கல்லையும், இன்றைக்குத் தீ வைக்கக் காத்திருப்பதையும் சொல்லச் சொல்ல காசிமாயனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ரேடியோவுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே எழுந்து, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். அவள் பின்னால் போனாள்.

மாடியில் மறைப்பே இல்லை. சிராஜ் சொன்னது சரிதான். மேற்கே மலைக்கு மேல் மேகம் இருந்தது. வெள்ளையாக, பெரிதாக, அடியில் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி.

"என்ன தெரியுது தாயி?"

"மேகம் இருக்குண்ணே."

"வளருதா, கலையுதா? நம்ம பக்கம் வருதா?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வளர்கிற மாதிரியும் இருந்தது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் கலைகிற மாதிரியும் இருந்தது. பத்த வைக்கலாம் என்று சொல்ல ஆசைப்பட்டுப் பார்த்தால் மேகம் சாதுவாக நின்றது. நேற்றை நினைத்துக்கொண்டு பார்த்தால் அதே மேகம் மிரட்டியது. இத்தனை வருடமாக மழையைப் பற்றியே பேசி வயிறு வளர்த்தவளுக்கு வானத்தைப் பார்க்கத் தெரியவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"எனக்குப் பாக்கத் தெரியலண்ணே" என்றாள்.

அந்த நேரத்தில் மாடி மூலையில் இருந்த ரேடியோ கரகரத்தது. "செக்கானூரணி, செக்கானூரணி. மேற்கே எப்படி இருக்குண்ணே?"

காசிமாயன் மைக்கை எடுத்தார். பொத்தானை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார்.

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. மேற்கப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. பொங்கல்ல இருந்து எனக்குப் பார்வை இல்ல. இம்புட்டு நாளும் நான் சொன்னதெல்லாம் டிவியில கேட்டது. எல்லாரும் மன்னிக்கணும்."

அலைவரிசையில் வெறும் இரைச்சல். மேலூர்க்காரர், வாடிப்பட்டிக்காரர், எல்லாரும் கேட்டிருப்பார்கள். கடைசியில் சிராஜின் குரல் வந்தது. "சரிங்கண்ணே." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அடுத்து வாடிப்பட்டி. சொல்லுங்க."

காசிமாயன் மைக்கை அதன் இடத்தில் தடவி மாட்டினார்.

தாமரைச்செல்வி மாடிச் சுவரோரமாகப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுக்கா. பேச்சிமுத்து அண்ணன் பந்தத்தோட நிக்காரு. பத்த வைக்கவா?"

பத்த வை என்று சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. பலித்தால் அக்கா தெய்வம். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்ல இனி அவளுக்கு வாய் வரவில்லை.

"தெரியலடா."

"என்னக்கா?"

"மழ வருமா வராதான்னு எனக்குத் தெரியல. நேத்தும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். இன்னைக்கு அப்படிச் சொல்ல முடியாதுடா."

அவனுக்குப் பின்னால் ராமக்காள் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"டிவிக்காரி உனக்கே தெரியலன்னா நான் எத நம்பிப் பத்த வைக்க?" என்றான். "இருக்கிற பாதியும் போயிரும்க்கா. வேணாம், விடு. அண்ணன போகச் சொல்லிர்றேன்."

அன்று ஏழு மணிக்கு அவள் பச்சைத் துணியின் முன்னால் நின்று, மேற்குப் பகுதிக்கு இன்று எங்களிடம் தகவல் இல்லை, மழை வருமா வராதா என்று சொல்ல இயலவில்லை என்று சொன்னாள். சேனல் முதலாளி போனில் கத்தினார். இதைச் சொல்லவா உனக்கு லைட்டும் கேமராவும் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பார்த்தவர்களில் சிலர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். டிவியில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார் ஒரு ரிட்டயர்ட் தாசில்தார். சிராஜ் கடைக்கு வெளியே வந்து, "நல்ல வேல செஞ்சீங்கக்கா" என்றான். காசிமாயனைத் தினமும் கூப்பிடத்தான் போகிறேன், காதுச் சேதி சொல்லட்டும் என்றும் சொன்னான். வீட்டுக்குப் போகும்போது அவள் மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்கிற நிம்மதியில் அன்று அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

அன்று ராத்திரி மழை பெய்யவில்லை.

மறுநாளும் பெய்யவில்லை. அதற்கு மறுநாள் மண்டையைப் பிளக்கிற வெயில். மலைக்கு மேல் நின்ற அந்த மேகம் போன இடமே தெரியவில்லை. சிவபாண்டி அடுக்கிய கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு ஆளை வைத்து மூட்டலாம் என்றால் தெரியாதவன் மூட்டினால் அடிக்கல் கருகும், மேல்கல் பச்சையாக நிற்கும். பிரித்துக் கொட்டகைக்குள் திரும்பக் கொண்டுபோகலாம் என்றால் கூலிக்கு ஆள் இல்லை. பேச்சிமுத்துவுக்காகக் காத்திருந்தான். தீ வைத்திருந்தால் இந்நேரம் கல் வெந்து முடிந்திருக்கும் என்று அக்கா, தம்பி இரண்டு பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். போனில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தது. தரையோடு தரையாகக் கிடந்த கல் என்றால் தார்ப்பாயை விரித்துக் காப்பாற்றலாம். ஆள் உயர அடுக்குக்குத் தார்ப்பாய் எம்மாத்திரம்? காற்று முதலில் அதைக் கிழித்துக்கொண்டு போனது. நனைந்த அடிக்கல் இளக, மேலே இருந்த பாரம் முழுக்க அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் தாமரைச்செல்வி போனாள். இந்தத் தடவை வண்டியை உள்ளே திருப்பினாள். அடுக்கு இருந்த இடத்தில் ஒரு மண்மேடு இருந்தது. சிவபாண்டி அவளைப் பார்த்தான். "வாக்கா" என்றான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த கருவேல விறகை விலை பேச வந்த ஆளிடம் போய்விட்டான். ராமக்காள் மட்டும் மண்வெட்டியால் சேற்றை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம்.

"ராமு" என்றாள் தாமரைச்செல்வி. "நான் அன்னைக்கு உண்மையத்தான் சொன்னேன்."

ராமக்காள் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"தெரியும் மதினி. யாரு இல்லைன்னா? தெரியும்னு சொன்னப்ப பாதி போச்சு. தெரியாதுன்னு சொன்னப்ப மீதி போச்சு. உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. நாங்கதான் கேட்டுக்கிட்டே இருந்தோம். ஞாயித்துக்கிழம திருப்பூர் பஸ் ஏறுறோம். அங்கன கூரைக்குக் கீழதான் வேலையாம். மழ பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன."

தாமரைச்செல்வியால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளினாள். கனமாக இருந்தது.

ராமக்காள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் குரலில் குத்தல் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"விடுங்க மதினி. சேலையில பட்டா இந்தக் கறை போகாது. ஏழு மணிக்கு டிவியில நிக்கணும்ல நீங்க."